அப்பா செத்துப்போன வீடியோ

ஊரைச் சிரிக்க வைக்கிறவன் வீட்டில் எந்நேரமும் கும்மாளமாக இருக்கும் என்று நினைப்பவர்கள், ரெம்வெல் கும்பானோடு ஒரு காலைப்பொழுது இருந்து பார்க்க வேண்டும். கண் விழித்ததும் முகம் கழுவ மாட்டான். போனைத்தான் எடுப்பான். நேற்றுப் போட்ட வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பாதியிலேயே ஓடிப்போனார்கள் என்று பார்ப்பான். எண்ணிக்கை ஏறியிருந்தால், இது எப்போது சரியுமோ என்று கவலை. சரிந்திருந்தால் கேட்கவே வேண்டாம், அன்றைக்குத் தொண்டையில் சோறு இறங்காது. புது வீடியோ போடுகிற நாளில் வயிறு கலக்கி, கழிப்பறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பான்.

"பரீட்சைக்குப் போற பிள்ளைகூட இப்படிப் பேதி போகாது" என்பாள் எதிர்வீட்டுப் பெட்டிக்கடை மனாங் பாசிங். மனாங் என்றால் அக்கா. வயது அறுபதைத் தாண்டினாலும் ஊருக்கே அவள் மனாங்தான்.

அப்பா ரெமிஹியோ, அம்மா வெல்மா. இருவரையும் வெட்டி ஒட்டி வைத்த பெயர்தான் ரெம்வெல். மணிலாவுக்குத் தெற்கே, இலோயிலோ கடற்கரையோரம் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர். ஆனால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே இருந்தது பெரும்பாலும் அந்தப் பெயரில் மட்டும்தான். அவனுக்கு ஒன்பது வயதானபோது வெல்மா ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஒரு படுக்கை நோயாளிக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிழவியின் மகள்தான் மேடம். வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பது மேடத்தின் சட்டம். மத்தியானம் கிழவி கண்ணயரும்போது மட்டும் வெல்மா சமையலறை இழுப்பறையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிடுவாள்.

அந்த நேரத்துக்காகத்தான் ரெம்வெல் வித்தை பழகினான். மனாங் பாசிங் கடன் கேட்பவனை எப்படி விரட்டுவாள், பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவில் எப்படித் தும்முவார், ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியை எப்படித் தட்டித் தட்டிப் பார்ப்பார் என்று ஒவ்வொன்றையும் அம்மாவுக்குச் செய்து காட்டினான். மேடத்துக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வெல்மா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். அவள் சட்டென்று சிரித்துவிட்டால் அன்றைக்கு அங்கே எல்லாம் நலம். சிரிப்பு தாமதமானால் ஏதோ நடந்திருக்கிறது. என்னவென்று அவள் சொல்ல மாட்டாள். பையனுக்கு அதற்குப் பிறகு நாள் முழுக்க வயிற்றில் ஏதோ பிசையும். இன்று லட்சம் பேர் பார்த்தாலும் அதே வயிறுதான், அதே பிசைவுதான்.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, நகரத்தில் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலைக்குப் போனான். திட்டு வாங்கியே காது புளித்தது. கொள்ளைநோய் வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தபோது, பொழுது போகாமல் அம்மாவின் பழைய நைட்டியைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஹாங்காங்கிலிருந்து திரும்பி வந்த ஓர் அம்மா வீட்டைச் சோதனை போடுவதாக நடித்து ஒரு வீடியோ போட்டான். "நான் அனுப்பின சோப்பு எங்க? மூணு சோப்பு அனுப்பினேனே, யார் குளிச்சது? இந்த வீட்டுல யாரும் குளிச்ச மாதிரியே தெரியலையே!" வெளிநாட்டில் அம்மா இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் எத்தனை இருக்கும்? வீடியோ பற்றிக்கொண்டது.

இரண்டாவது வீடியோவில் ரெமிஹியோ தெரியாமல் உள்ளே நுழைந்தார். ஆட்டோ மாதிரி ஆளேற்றுகிற ட்ரைசைக்கிளை ஓட்டிவிட்டு வந்தவர், நைட்டியில் நின்ற மகனை ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சோறு இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். மகனை விட்டுவிட்டு உலகம் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லா வீடியோவிலும் அவர் உண்டு. மகன் கத்துவான், குதிப்பான், உருளுவான். அப்பா சும்மா பார்ப்பார். ஜனங்கள் சிரித்தது அந்தப் பார்வைக்குத்தான். ரெம்வெலுக்கும் அது தெரியும். அதனால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

போன வருஷம் ஆகவும் ஆயிற்று. வண்டியைக் கிளப்பும்போதே ரெமிஹியோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதயத்தில் அடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் ட்ரைசைக்கிளை விற்க வேண்டியதாயிற்று. வெல்மாவால் வர முடியவில்லை. கணவனின் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போனிலேயே பார்த்து அழுதாள். அன்றிலிருந்து ரெம்வெலுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான்: அம்மா இனி ஒருபோதும் அப்பாவைப் பற்றிய கெட்ட செய்தியை அந்தச் சமையலறையில் தனியாக நின்று பார்க்கக் கூடாது.

வேண்டுதலெல்லாம் சரிதான். அந்தச் செய்தியைத் தன் கையாலேயே தயாரித்து அனுப்புவோம் என்று அவன் கண்டானா?

நடந்தது இதுதான். சில மாதங்களாக எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. சோப்பு ஜோக்கு எத்தனை நாளைக்கு ஓடும்? அத்தை மகன் எபோய் ஒரு யோசனையோடு வந்தான். எபோய்க்குச் சவப்பெட்டி விற்று அடக்கமும் செய்து தருகிற கடையில் வேலை.

"மாமா செத்துட்டாருன்னு வெச்சுப்போம்" என்றான் எபோய். "பெட்டியில படுத்திருக்காரு. சுத்தி உக்காந்து எல்லாரும் அவரைப் பத்திப் புறணி பேசறாங்க. அவர் ஒத்தைக் கண்ணைத் திறந்து பாக்கறாரு. மறுபடி மூடிக்கறாரு. இது ஓடலைன்னா என் பேரை மாத்திக்கறேன். பெட்டி நான் கொண்டாறேன்."

ரெம்வெலுக்குத் திக்கென்றது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் ரெமிஹியோ, "பெட்டி புதுசா, பழசா?" என்றார்.

"புதுசுதான் மாமா. கடையில காட்சிக்கு வெச்சது. இன்னும் யாரும் படுக்கல."

"அப்போ நான்தான் திறப்பு விழாவா?" என்றார் அவர், முகம் மாறாமல்.

அடுத்த நாள் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். ஊர் மன்றத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. நடிக்கக் கூப்பிட்டவர்களோடு கூப்பிடாதவர்களும் வந்தார்கள். பந்தலையும் பெட்டியையும் பார்த்தபிறகு எங்கள் ஊரில் யாருடைய கால் வீட்டில் நிற்கும்? காப்பி கலந்தார்கள், பிஸ்கட் தட்டு சுற்றியது, மூலையில் சீட்டாட்டம் தொடங்கிவிட்டது. ஒரு தாத்தா, "அடக்கம் என்னிக்கு?" என்று பிணத்திடமே கேட்டுவிட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டு போனார்.

மனாங் பாசிங்குக்கு மட்டும் இது பிடிக்கவேயில்லை.

"சாவை வெச்சு விளையாடாதீங்கடா. நம்மளைத்தான் கூப்பிடறாங்கன்னு அது கிளம்பி வந்துடும்" என்று திட்டித் தீர்த்தாள். பிறகு ரெமிஹியோவின் காலைப் பார்த்து, "செருப்பைக் கழட்டாதே. நிஜப் பொணத்துக்குத்தான் காலில ஒண்ணும் இருக்காது. நீ போட்டுக்கிட்டே படு. வர்ற சாவு, ஆள் இது இல்லைன்னு திரும்பிப் போயிடட்டும்" என்றாள்.

அவர் செருப்போடு பெட்டிக்குள் படுத்தார். ரெம்வெல் நிமிஷத்துக்கொரு தரம் குனிந்து, "அப்பா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டான்.

"செத்தவன்கிட்ட மூச்சு வாங்குதான்னு கேக்கற முதல் பிள்ளை நீதான். தள்ளு, காத்து வரட்டும்."

வீடியோ அருமையாக வந்தது. அதை வெட்டி ஒட்டி முடிக்க விடிந்துவிட்டது. நாளை மாலை போடுவதென்று முடிவு. அதற்கு முன்னால் ஜனங்களைக் கொஞ்சம் தவிக்க விடலாம் என்றான் எபோய். இங்கே ஒரு வீட்டில் சாவு என்றால் முதலில் கறுப்பாவது முகநூல் படம்தான். அழுகை அப்புறம்தான். ரெம்வெல் தன் முகப்படத்தைக் கறுப்பாக்கினான். அப்பா பெட்டியில் கண்மூடிக் கிடக்கும் ஒரு படத்தையும், பக்கத்தில் எரியும் மெழுகுவர்த்தியோடு, ஒரு வார்த்தையும் எழுதாமல் போட்டான். அம்மா மத்தியானம்தான் போனை எடுப்பாள். அதற்குள் எழுந்து அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டான். போனைச் சத்தமில்லாமல் வைத்தான். கண் அசந்தான்.

கதவு இடிபடும் சத்தத்தில்தான் எழுந்தான். மனாங் பாசிங் தலைவிரி கோலமாக நின்றாள்.

"தோத்தோ! எங்க அண்ணி சிங்கப்பூர்லேருந்து ஓ-ன்னு அழறாடா! உங்கப்பன் என் கடையில உக்காந்து சோடா குடிக்கறான்னு சொன்னா, எனக்குப் புத்தி கலங்கிப்போச்சாம்!" தோத்தோ என்றால் பையா.

வெயில் சாய்ந்திருந்தது. மத்தியானம் எப்போதோ கடந்துபோயிருந்தது.

போனைத் திறந்தான். இரங்கல் ஆற்றுப் பெருக்காகக் கொட்டிக் கிடந்தது. வெளியூர்க்காரர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் விஷயம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? தமாஷில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். "நல்ல மனுஷன், கடைசி வரைக்கும் கடனைத் திருப்பிக் கொடுக்கலை" என்று ஒருவர். "நேத்து ராத்திரிகூட என்கூடப் பேசினார்" என்று இன்னொருவர். ஊர்த்தலைவரே ஒரு நீண்ட அஞ்சலி எழுதி, கீழே தன் முழுப் பதவியையும் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களே அழுதால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

அம்மாவின் பெயரைத் தொட்டான். அவள் பலமுறை கூப்பிட்டிருந்தாள். கடைசியாக ஒரு செய்தி.

"எதையும் அழிக்காதே. எதுவும் எழுதாதே. நான் வர்றேன்."

கூப்பிட்டான். அணைந்து கிடந்தது. "அம்மா, அப்பா நல்லா இருக்கார், எல்லாம் நடிப்பு" என்று எழுதி அனுப்பினான். செய்தி போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்பினான். மறுபடியும் சேரவில்லை. ஹாங்காங்கில் இருக்கும் அவளுடைய தோழியைப் பிடித்தான். "வெல்மா ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாப்பா. கறுப்புச் சட்டை என்னோடதுதான், கேட்டு வாங்கிட்டுப் போனா" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

ரெம்வெல் தரையில் உட்கார்ந்துவிட்டான். விமான இருக்கையில், முன்பின் தெரியாத இருவருக்கு நடுவில், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அம்மா உட்கார்ந்திருப்பது கண்ணில் நின்றது. அவளுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. நடுவானில் ஏதாவது ஆனால்? மணிலாவில் இறங்கி அடுத்த விமானம் பிடிக்கும்போது மயங்கி விழுந்தால்? தன் பிழைப்பே ஒரு பாவம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுத விரல் பரபரத்தது. ஆனால் எதுவும் எழுதாதே என்கிறாளே. அப்பாவின் கடைசிப் படம் என்று நினைத்து, அழிக்க வேண்டாம் என்கிறாளோ? அழிக்கப் போன விரலை எடுத்துக்கொண்டான்.

"அவ சொன்னா சொன்னதுதான். விட்டுடு" என்றார் ரெமிஹியோ. சொல்லிவிட்டுச் சவரம் செய்துகொள்ளப் போனார். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

"நீங்க வாசல்ல நிக்காதீங்கப்பா. திடீர்னு பாத்தா மயங்கிடுவாங்க."

"பின்னே? கொஞ்சம் கொஞ்சமா காட்டவா? முதல்ல காலு, அப்புறம் வயிறு?"

"விளையாடாதீங்கப்பா!" ரெம்வெல் கத்தினான். அப்பாவைப் பார்த்து அவன் கத்தியது கேமராவுக்கு வெளியே அதுதான் முதல் தடவை. ரெமிஹியோ மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு தனியாக விமான நிலையம் போனான். வாசலில் வந்த ஒவ்வொரு கறுப்புச் சட்டைக்கும் நுனிக்காலில் எம்பினான். கடைசியில் வெல்மா வந்தாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரே ஒரு பை. கடைசியாக ஊருக்கு வந்துபோன பிறகு, இந்த மூன்று வருஷத்தில் ஆள் சுருங்கிப்போயிருந்தாள். ரெம்வெல் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"அம்மா, அப்பா சாகலம்மா, அது வந்து..."

அவள் அவனை இழுத்து அணைத்தாள். காதருகில் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாயை மூடு. அழு" என்றாள்.

"என்னம்மா?"

"அழுடா. பின்னால சிவப்புப் பையோட வர்றாளே, மேடத்தோட தங்கச்சி வீட்டுல வேலை பாக்கறவ. அவ போற வரைக்கும் அழு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அழுகை மட்டும் தானாகவே வந்தது. இத்தனை வருஷம் விதவிதமாக அழுது காட்டியவன், அன்று மூக்கு ஒழுக நிஜமாகவே அழுதான். சிவப்புப் பைக்காரி வந்து அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

வேன் கதவைச் சாத்தியதும் வெல்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"முதல் தடவை பாத்தப்போ சமையலறைத் தரையில உக்காந்துட்டேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். நீ எடுக்கல. அந்த நேரம் நான் பட்டது உனக்கு வேண்டாம்டா, யாருக்கும் வேண்டாம்" என்றாள். "அப்புறம் மனாங் பாசிங்கைக் கூப்பிட்டேன். அவ போனைக் கொண்டுபோய் உங்கப்பன் வாயில வெச்சா. யாருன்னு தெரியாமலே ஏப்பம் விட்டான்."

"மனாங்குக்குத் தெரியுமா? என்கிட்டே சொல்லவே இல்லையே!"

"சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். நான் பட்டதுல பாதியாவது நீ படணும்னு."

ரெம்வெலுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. வெல்மா தொடர்ந்தாள்.

"போனை வெச்சுட்டுத் திரும்பினா மேடம் நிக்கறாங்க. நான் தரையில கிடந்ததைப் பாத்திருக்காங்க. என்னாச்சுன்னு கேட்டாங்க. போன வருஷம் உங்கப்பன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ லீவு கேட்டேன். 'உயிரோடதானே இருக்கார்'னாங்க. ஒப்பந்தம் முடிஞ்சப்போ கேட்டேன். அம்மாவை யார் பாத்துப்பாங்கன்னாங்க. இப்ப நான் வாயே திறக்கல, தோத்தோ. போட்டோவை மட்டும் நீட்டினேன். அந்தக் கறுப்புப் படம், ஊர்த்தலைவர் எழுதினது, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்தாங்க. அவங்களே டிக்கெட் போட்டாங்க. ஒரு வாரம்."

பந்தல் இன்னும் அவிழ்க்கப்படாமல்தான் இருந்தது. துக்கத்துக்குப் போட்டதில் விருந்து நடந்தது. நூடுல்ஸ் கிண்டினார்கள், பன்றியை வாட்டினார்கள், பாட்டுப் பெட்டியை வைத்து ஊரே தொண்டை கிழியப் பாடியது. வெல்மா முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிப் புருஷனை நாலு போடு போட்டாள். பிறகு அவர் தட்டில் இருந்த மீனுக்கு முள் எடுத்துக் கொடுத்தாள். ரெமிஹியோ எல்லாவற்றையும் அதே முகத்தோடு வாங்கிக்கொண்டார். எபோய் போனை உயர்த்தியபோது மட்டும் வெல்மா பாய்ந்து பிடுங்கினாள்.

"படம் எடுத்தா கையை உடைச்சுடுவேன். மேடம் இப்ப தினமும் உங்க வீடியோப் பக்கத்தைப் பாக்கறாங்க. அவர் ஒரு இடத்துலயாவது உயிரோட தெரிஞ்சாரு, எனக்கு வேலை போச்சு."

அப்போதுதான் ரெம்வெலுக்கு முழுதும் உறைத்தது. அந்த வீடியோவை இனி போட முடியாது. அது மட்டுமில்லை, அப்பா இனி எந்த வீடியோவிலும் வரவே முடியாது. கறுப்புப் படம் அப்படியேதான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தாங்கிய தூணே போயிற்று. வேறு நாளாக இருந்தால் இதற்கே நாலு நாள் படுத்திருப்பான். அன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மொறுமொறுவென்று வாட்டிய பன்றித் தோலை மென்றுகொண்டிருந்தாள். போனால் போகட்டும் என்று நினைத்தான். அவன் வாழ்க்கையில் அப்படி நினைத்தது அபூர்வம்.

ஆனால் நாள் போகப் போக, வெல்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ரெமிஹியோ வாசற்படி ஏறி மூச்சு வாங்க நிற்பதைக் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். அவர் இருமினால் தலை திரும்பியது. ரெம்வெல் அவளுக்குப் பிடித்த பாதிரியார் தும்மலைச் செய்து காட்டினான். அவள் சிரிக்கத்தான் சிரித்தாள், ஆனால் தாமதமாக.

கிளம்புகிற நாளில் ரெமிஹியோவும் வருவேன் என்று அடம்பிடித்தார். தெரிந்தவர் யாராவது ஹாங்காங் போகலாம் என்பதால் வேனை விட்டு இறங்கக் கூடாது என்று நிபந்தனை. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். வெல்மா அவர் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கினாள். ரெம்வெல் பையைத் தூக்கிக்கொண்டு நுழைவாயில் வரை கூடவே போனான்.

"அடுத்த ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்துடலாம்மா" என்றான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"வரலாம்." அவள் வரிசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தோத்தோ, அவருக்கு நிஜமாவே ஏதாவது ஆச்சுன்னா, நான் என்னன்னு சொல்லிட்டு வருவேன்?"

ரெம்வெல் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"புருஷன் செத்துட்டான்னு ஒரு தடவைதான்டா சொல்ல முடியும்" என்றாள் வெல்மா. "நான் சொல்லிட்டேன்."

பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியைப் போட்டாள். வரிசை நகர்ந்தது. வேனுக்குள் ரெமிஹியோ தொப்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, அவள் திரும்பிப் பார்ப்பாளா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.